கேட்டடியில் ஒரு கஞ்சிப் பானை

மலாயாவில் நான் முதலில் பறிகொடுத்தது ஒரு பொட்டலம் எலுமிச்சைச் சோறு.

சிரம்பான் பட்டணத்தை ஒட்டிய ராசாவில் என் சித்தி மகள் சரசு வீட்டில் தங்கியிருந்தேன். நான் தோட்டத்துக்குக் கிளம்பும் அன்று அவள் விடியற்காலையிலேயே எழுந்து சோறு கிளறி வாழையிலையில் கட்டி, "வழியில பசிச்சா சாப்பிடுக்கா" என்று பையில் வைத்தாள். போர்டிக்சன் சாலையில் பாதி தூரம் போவதற்குள் பஸ்ஸை மறித்துவிட்டார்கள். எல்லோரையும் இறக்கி வெயிலில் நிறுத்தி மூட்டைகளைப் பிரித்தார்கள். என் பொட்டலத்தைப் பிரித்த கான்ஸ்டபிள் ஒருமுறை மோந்து பார்த்தார். முகத்தில் ஒரு கணம் ஆசை தெரிந்தது. பிறகு அதைத் தகர டின்னுக்குள் போட்டுவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என்னய்யா அநியாயம், சோற்றையா பிடுங்குவார்கள்?" என்று சத்தம் போட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர்தான் என்னை அடக்கினார்.

"சத்தம் போடாதீங்கம்மா. சாப்பாடு ரோட்டுல போகக்கூடாது. காட்டுல இருக்கற கம்யூனிஸ்டுக்குப் போயிடுமாம். மெர்ஜன்சிலா, அவசரகாலச் சட்டம்."

எங்கள் கும்பகோணத்தில் போலீஸ்காரர் சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கினால் அவருக்குப் பசி என்று அர்த்தம். இங்கே அதற்கு அர்த்தமே வேறு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்தப் பயணம் முழுவதும் வேண்டியிருந்தது.

நான் கும்பகோணத்தில் ஒரு பிள்ளைப்பேறு விடுதியில் வேலை பார்க்கிறவள். பிரசவம் பார்ப்பதோடு வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு உணவு, சுத்தம் பற்றிச் சொல்வதும் என் வேலை. மலாயாவிலிருந்த மாதர் சங்கம் ஒன்று தோட்டங்களில் அதே உபதேசத்தைச் செய்ய ஆள் தேடியது. சரசுவின் கணவர் என் பெயரைச் சொல்லிவிட்டார். நானும் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் படங்களோடு கப்பலேறிவிட்டேன். பசு, முட்டை, கீரைக்கட்டு, சிரிக்கிற குழந்தை என்று வண்ண வண்ணமான படங்கள். இந்தியக்காரர், சீனர், மலாய்க்காரர் எல்லோருக்கும் படம் புரியும் என்பது சங்கத்தாரின் எண்ணம்.

தோட்டம் கடலோரச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஆட்கள் குடியிருக்கும் லயன்களைச் சுற்றி முள்கம்பி வேலி. ஒரே ஒரு கேட். கேட்டில் துப்பாக்கியோடு காவல். இதையெல்லாம் முன்பே சொல்லியிருந்தார்கள், ஆனாலும் வேலிக்குள்ளே பிள்ளைகள் கோலி விளையாடுவதைப் பார்த்தபோது கேட்டிலேயே நின்றுவிட்டேன்.

என்னை வரவேற்றவர் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸர் கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, பிரசவத்துக்கு மருத்துவச்சியோடு நிற்பது எல்லாம் அவர்தான். அவர் மனைவி இடியப்பமும் சொதியும் வைத்தார். தேங்காய்ப்பாலில் பச்சை மிளகாய் மிதக்கும் அந்தச் சொதியை நான் நாலு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டேன். சோறு பறிகொடுத்த துக்கம் அதில்தான் ஆறியது.

மறுநாள் மாலை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் கொட்டகையில் என் முதல் பிரசங்கம். பெண்கள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். சீனப் பெண்கள் சிலர் பின்வரிசையில் நின்றார்கள். நான் படத்தை மாட்டி, கர்ப்பிணிகள் காலையில் வெறும் வயிற்றோடு இருக்கக்கூடாது, பாலும் கீரையும் முட்டையும் சாப்பிட வேண்டும் என்று கணீரென்று சொன்னேன். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

"டீச்சரம்மா, அந்தப் பசுமாட்டைக் கொஞ்சம் எறக்கி விடுங்களேன், கறந்துக்கறோம்" என்றாள் ஒருத்தி.

"பால் டின்னு வாங்கினா கடைக்காரரு ரெண்டு ஓட்டை போட்டுத்தான் குடுக்கறாரு. சேர்த்து வெச்சுக் காட்டுக்கு அனுப்பிடுவோமாம். ஒரே நாள்ல புளிச்சுப் போவுது" என்றாள் இன்னொருத்தி.

பிறகுதான் விவரம் தெரிந்தது. பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்கிறவர்கள், விடியுமுன் வாயில் ஒன்றும் போடுவதில்லை. வெட்டி முடித்து, பால் கோப்பையில் வடிகிற நேரத்தில், மரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். காலங்காலமாக அதுதான் அவர்கள் சாப்பாட்டு வேளை. இப்போது கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை போகக்கூடாது என்று உத்தரவு. அரிசியும் அளந்துதான் வருகிறது. ஆகவே வரக்காப்பியோடு போய், பாலெடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, உச்சிவெயில் சாய்ந்த பிறகு வந்துதான் உலை வைக்கிறார்கள்.

"நேரத்தோட எந்திரிச்சு வீட்டிலேயே சாப்பிட்டுப் போகலாமே" என்று கேட்டேன்.

முன்வரிசையில் இருந்த பெண் தலையை உயர்த்தாமல் சொன்னாள்: "ஆம்பள வெறும் வயித்தோட மரத்துக்குப் போறப்ப, நம்ம தொண்டையில சோறு எறங்குமாம்மா?"

அவள்தான் அஞ்சலை. நிறைமாதத்தை நெருங்கிய வயிறு. மெலிந்த கை. பிரசங்கம் முடிந்ததும் கந்தையா அவளை நிறுத்தி, கீழிமையை விரலால் இழுத்து எனக்குக் காட்டினார். ரத்தம் ஓட வேண்டிய இடம் வெள்ளைத்துணி போல இருந்தது.

அவள் போன பிறகு கந்தையா சொன்னார்: "போன பிரசவத்திலே பிள்ளை செத்துப் போட்டுது. தாய் தப்பினதே பெரிய காரியம். டொனிக் குடுக்கிறன், மிஸ். வெறும் வயித்திலே டொனிக் என்னத்தைச் செய்யும்? இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. அதுக்குள்ளே உடம்பிலே இரத்தம் ஊறாட்டி, எனக்குப் பயமாக் கிடக்கு."

அன்றிலிருந்து எனக்குப் படங்களில் மனம் போகவில்லை. அவளுக்குக் காலையில் வயிறு நிறைய வேண்டும், அவ்வளவுதான். தினமும் பெரட்டுக்குக் கேட்டடியில்தான் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுகிறார்கள். அங்கேயே ஒரு பானை வைத்தால் என்ன? முருங்கைக்கீரையும் பயறும் போட்ட கஞ்சி. வேலிக்கு உள்ளேயே குடித்துவிட்டுப் போகட்டும். நானும் கந்தையாவும் துரையின் பங்களாவுக்குப் போய்க் கேட்டோம்.

துரை நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கர்ப்பிணிகளுக்கு மட்டும் கொடுக்கலாம் என்றார். கேட்டில் உடம்பையும் வாளியையும் சோதித்து முடிந்த பிறகு, காவலர்கள் கண்முன்னால், நின்ற இடத்திலேயே குடித்து முடிக்க வேண்டும்.

"புருஷர்களுக்கும் ஒரு குவளை கொடுத்தால்தான் இவர்கள் நிம்மதியாகக் குடிப்பார்கள்" என்றேன் நான். அஞ்சலை சொன்னது என் காதிலேயே இருந்தது. கந்தையா அதை இங்கிலீஷில் சொன்னார்.

துரை தலையாட்டவில்லை. "ஆண்களுக்குக் கொடுத்தால் அது எங்கே போகும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்றார். அதற்கு மேல் பேச இடமில்லை. கிடைத்தவரைக்கும் லாபம் என்று திரும்பினோம். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மல்லுக்கு நின்றிருக்கலாமோ என்று நினைக்கிறேன். நின்றிருந்தாலும் கிடைத்திருக்காது என்றும் தெரிகிறது. தெரிந்து என்ன, ஆற்றாமை போகவில்லை.

முதல் நாள் கஞ்சி அப்படியே மீந்தது. ஆ மோய் என்ற சீனப் பெண் மட்டும் வந்து, குவளையை வாங்கி மடமடவென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு போனாள். நம்மவர்கள் ஒருத்தியும் கிட்டே வரவில்லை. எனக்குக் காரணம் சொல்லவே வேண்டியதில்லை, எங்கள் ஊரிலும் அதே கதைதான். பிள்ளைத்தாய்ச்சி நாலுபேர் பார்க்க வாய் வைத்தால் கண்பட்டுவிடும். அதிலும் துப்பாக்கி பிடித்த அந்நிய ஆண்கள் முன்னால் நின்றுகொண்டு! நானே குடித்திருக்க மாட்டேன்.

கேட்டுக் காவலில் யூசோப் என்று ஒரு மலாய்க்காரர் இருந்தார். சின்ன வயது. ரெம்பாவ் பக்கத்துக் கிராமம். மீந்த பானையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கந்தையாவிடம் மலாயில் ஏதோ கேட்டார். கந்தையா விஷயத்தைச் சொன்னதும் யூசோப் சிரிக்கவில்லை. அவர் சொன்னதைக் கந்தையா எனக்குத் தமிழில் சொன்னார்: "என் வீட்டிலும் அப்படித்தான். என் மனைவிக்கு இது ஐந்தாவது மாதம். என் தம்பி வீட்டுக்குள் வந்தாலே தட்டை மூடிவிடுகிறாள்."

மறுநாள் காலை சோதனை முடிந்தது. ஆண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு இருட்டோடு இருட்டாக மரத்துக்குப் போய்விட்டார்கள். பெண்கள் பானையைப் பார்த்தும் பார்க்காமலும் நின்றார்கள். அப்போது யூசோப் கூட இருந்த காவலரைத் தோளில் தட்டி ஏதோ சொன்னார். இருவரும் கேட்டின் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்து நின்றார்கள்.

பிறகு ஒருத்தி வந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. முந்தானையால் மறைத்துக்கொண்டு குடித்தார்கள். அஞ்சலை கடைசியாக வந்தாள். தன் மங்குக் கிண்ணம் நிறைய வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டாள். கூச்சம் கூடின பெண் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருந்த சந்தோஷத்தில் கந்தையாவின் மனைவியிடம் போய், "இந்த ஊர் மாத்தா தங்கமான பிள்ளை" என்று சொல்லி, காலையிலேயே சொதி கேட்டேன். காவலர்களை இங்கே மாத்தா என்கிறார்கள்.

அந்த வாரம் முழுக்கத் தினமும் அப்படியே நடந்தது. கேட்டை நோக்கித் திரும்பிய இரண்டு முதுகுகள், குனிந்த பெண்கள், முருங்கைக்கீரை வாசம். ஒரு நாள் கந்தையா குடும்பத்தோடு சி ரூசா கடற்கரைக்குக்கூடப் போனேன். போகிற வழியில் கார் டயர் வெடித்து, பட்டாளத்து லோரிக்காரர்கள் இறங்கி வந்து மாற்றிக் கொடுத்தார்கள். கடல் எங்கள் பக்கத்துக் கடல் போல இரையாமல் குளம் மாதிரிக் கிடந்தது. சுட்ட மீனில் எலுமிச்சை பிழிந்து தின்றோம். இந்த ஊரில் நான் ஏதோ ஒன்று செய்துவிட்டேன் என்ற நினைப்போடு கால் நனைத்துக்கொண்டு நின்றேன். இப்போது அந்தக் கடற்கரையை நினைத்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அடுத்த நாள் காலையில் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு போலீஸ் வண்டி வந்து கேட்டில் நின்றது. இறங்கிய வெள்ளைக்கார அதிகாரி முதலில் கண்டது, உள்ளே ஆட்களை விட்டுவிட்டு வெளியே பார்த்து நிற்கும் இரண்டு காவலர்களை. அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் ஏதோ கேட்டார். யூசோப் விறைத்து நின்று பதில் சொன்னார். பெண்கள் எல்லோரையும் திரும்ப வரிசையில் நிறுத்தி, வாளிகளைக் கவிழ்க்கச் சொன்னார்கள்.

அஞ்சலை வாளியைக் கவிழ்க்கவில்லை. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாள். சோதனைக்காரப் பெண் பிடுங்கிப் பார்த்தாள். உள்ளே பழைய துணி. துணிக்கு அடியில் மங்கு. மங்கு நிறையக் கஞ்சி.

"இது யாருக்கு?" என்று அதிகாரி கேட்டதைத் தோட்டத்து எழுத்தரான கிராணி தமிழில் சொன்னார்.

"எம் புருசனுக்கு" என்றாள்.

"காட்டில் இருப்பவனுக்கா?"

"எம் புருசன் எதுக்குங்க காட்டுல இருக்கணும்? எனக்கு அடுத்த நெரையில மரம் வெட்டுறாரு. பேரு மாரிமுத்து."

ஆள் அனுப்பி மாரிமுத்துவைக் கூட்டி வந்தார்கள். கையில் உளி அப்படியே இருந்தது. ஓடி வந்த மூச்சு. கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்ததும் ஒன்றும் மறைக்காமல் சொன்னான்.

"ஆமாங்க, எனக்குத்தான். பானையில மிச்சம் நிக்குதாம், ஆம்பளைங்களுக்கும் குடுக்கறாங்கன்னு சொல்லித் தெனமும் கொண்டாந்து குடுக்கும். தன் பங்கை அது இங்கேயே குடிச்சிட்டுத்தானே வருது?"

நான் அவனைப் பார்த்தேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. பெண்டாட்டியின் பக்கம் திரும்பினான். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"நான் என்ன செய்யட்டும்? வெறும் வயித்தோட கெடந்தீங்க" என்றாள் அஞ்சலை. குற்றம் செய்த குரலாக இல்லை. மழை வந்தது, துணியை எடுத்தேன் என்பது போலச் சொன்னாள்.

யூசோப்பின் இடுப்புவாரைக் கழற்றச் சொல்லி வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஒரு மன்னிப்புக்கூட அவர் பாஷையில் எனக்குக் கேட்கத் தெரியாது. அவர் என்ன ஆனார் என்று கந்தையா பிறகு விசாரித்தும் தெரியவில்லை. அவர் மனைவி இப்போது யார் முன்னால் தட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ!

பானையை அன்றே எடுத்துவிட்டார்கள். துரை அதிகாரியிடம் பேசி வழக்கு இல்லாமல் பார்த்துக்கொண்டார். ஆனால் மாரிமுத்துவுக்கும் அஞ்சலைக்கும் சீட்டுக் கிழிந்துவிட்டது. நான் கந்தையாவையும் இழுத்துக்கொண்டு பங்களாவுக்கு ஓடினேன். "பிரசவம் ஆகும்வரை இருக்கட்டும், ஆஸ்பத்திரியில் கட்டில் போட்டு வைத்திருக்கிறோம்" என்று கெஞ்சினேன். தோட்டத்து ஆள் இல்லாதவர்களுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி இல்லை என்று துரை சொன்னார். சிறைக்குப் போகாமல் இருப்பதே பெரிய தயவு என்றும் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். அதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டியது.

கந்தையா தன் அலமாரியிலிருந்த டானிக் புட்டிகளை எல்லாம் ஒரு சாக்குப்பையில் போட்டு அஞ்சலையிடம் கொடுத்தார். "பிள்ளை, சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிஞ்சு வையும். வலி எடுக்கும் மட்டும் பாத்துக்கொண்டு இராதையும்" என்று நாலைந்து தடவை சொன்னார்.

எனக்கும் அங்கே வேலை முடிந்துவிட்டது. மற்றத் தோட்டங்களில் இருந்த கூட்டங்களைச் சங்கத்தார் போனிலேயே ரத்து செய்துவிட்டார்கள். அன்று மதிய பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத்தான் ஏறினோம். அவர்களிடம் ஒரு துணிமூட்டையும் ஒரு தகரப் பெட்டியும் டானிக் பையும். மாரிமுத்துவின் அண்ணன் சிரம்பானில் லோரியில் சுமை ஏற்றுகிறவர், அவரிடம் போவதாகத் திட்டம். வழியில் அதே இடத்தில் பஸ்ஸை மறித்தார்கள். இந்தத் தடவை என்னிடம் பிடுங்க ஒன்றும் இல்லை. டிரங்கைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். கீரைக்கட்டுப் படத்தைக் கான்ஸ்டபிள் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு மூடினார்.

பஸ்ஸில் அஞ்சலை மாரிமுத்துவின் முகத்தைப் பார்ப்பதும், அவன் சன்னல் பக்கம் பார்ப்பதுமாக வந்தார்கள்.

ராசாவில் இறங்கியதும் அவர்களை விட எனக்கு மனமில்லை. கோயிலுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. ஊருக்குள்ளே உட்கார்ந்து சாப்பிட எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. சோறும் பருப்பும் மீன் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் மூன்று இலையில் வந்தன. முருங்கைக்கீரையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு இலையைப் பார்த்துக் குனிந்தேன்.

அஞ்சலை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடு" என்றான் மாரிமுத்து. காலையிலிருந்து அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"நீங்க சாப்பிடுங்க."

"நான் ஒரு வாரமா உன் கஞ்சியைக் குடிச்சிருக்கேன். இனிமே நீ சாப்பிட்டாத்தான் எனக்குத் தொண்டையில எறங்கும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். கடை திறந்த கடை. பக்கத்து மேசையில் ஆண்கள். வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம்.

"எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மெல்ல.

மாரிமுத்து அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து போய், அவள் உட்கார்ந்திருந்த பலகைக்கு முன்னால், தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அந்த நிற்பு எனக்குப் பழக்கமான நிற்பு. யூசோப் தினமும் அப்படித்தான் நின்றார். அது தெரிந்துதான் நின்றானா, அல்லது அப்படி நிற்பதைத் தவிர வேறு வழி இல்லையா, நான் கேட்கவில்லை.

அஞ்சலை இலையில் கை வைத்தாள். முதலில் கீரையை எடுத்தாள். அவள் சாப்பிடுவதை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். கண்பட்டுவிடப் போகிறது என்று நானும் என் இலையைப் பார்க்கத் தொடங்கினேன்.

மறுவாரம் எனக்குக் கப்பல். அதற்குள் சரசுவை அனுப்பிச் சிரம்பானில் விசாரித்துப் பார்த்தேன், அந்த அண்ணன் வேலை தேடிக் குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டாராம். பிள்ளை பிறந்ததா, தாய் பிழைத்தாளா, எனக்குத் தெரியாது. கும்பகோணத்தில் யாருக்குப் பிரசவம் பார்த்தாலும், கீழிமையை இழுத்துப் பார்க்கும்போது காலையில் என்ன சாப்பிட்டாய் என்று முதலில் கேட்கிறேன்.

அன்றைக்கு, அஞ்சலை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குழம்பு வாளியோடு வந்த கடைக்காரர், வழியை மறித்து நின்ற மாரிமுத்துவைப் பார்த்து, "என்னலா அண்ணே, இலையப் போட்டுட்டு நின்னுக்கிட்டு? ஒக்காந்து சாப்பிடுங்க, ஆறிப் போவுது" என்றார்.

"இருங்க, அது சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.